மொட்டைமாடியில் வரைந்த கப்பல்

அந்த நாட்களில் நாங்கள் மூன்று கப்பல்கள்தான் விற்றுக்கொண்டிருந்தோம். ஒற்றைப் பாய்மரத் தோணி ஒன்று, இரண்டு பாய்மரங்கள் கொண்ட பழைய காலத்துச் சரக்குக் கப்பல் ஒன்று, மீன்பிடி விசைப்படகு ஒன்று. மூன்றும் மரத்தில். முழுக் கப்பலாக அல்ல, பெட்டிக்குள் துண்டு துண்டாக. வாங்குகிறவர் தம் வீட்டு மேசையில் உட்கார்ந்து, நாங்கள் தரும் விளக்கப் புத்தகத்தைப் பார்த்து, ஒவ்வொரு துண்டாக ஒட்டிச் சேர்க்க வேண்டும். ஒரு தடவைக்கு இருபது பெட்டிகள் செய்வோம். அவை தீர்ந்த பிறகு அடுத்த இருபது.

ஆம்பூரில் கப்பல் செய்கிறோம் என்றால் யாருக்கும் சட்டென்று பிடிபடாது. வருடத்தில் பாதி நாள் பாலாற்றிலேயே மணல்தான். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். கூரியர் கடைக்காரர் முதல் தடவை எங்கள் பெட்டியை எடை போட்டபோது, "ஷூதானே மேடம்?" என்று கேட்டுக்கொண்டே எழுதப் போனார். அவர்மேல் தப்பில்லை. ஷூ கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுப்பவரிடம்தான் நாங்களும் வாங்கினோம். பூட்ஸ் வைக்கிற நீளப் பெட்டி எங்கள் தோணிக்குக் கச்சிதமாக இருந்தது.

நான் பதினேழு வருடம் ஷூ கம்பெனியில் பேட்டர்ன் செக்ஷனில் வேலை பார்த்தவள். மாதனூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கம்பெனி பஸ் ஏறி வந்துகொண்டிருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு ஆம்பூரே வீடாகிவிட்டது. பேட்டர்ன் வேலை இப்படி: காலின் வடிவத்தில் கடைந்த கட்டை ஒன்று இருக்கும். அதன்மேல் காகித டேப்பை இடைவெளியில்லாமல் ஒட்டி, பென்சிலால் ஷூவை வரைந்து, டேப்பைக் கத்தியால் கீறி உரித்து, மேசைமேல் தட்டையாகப் படிய வைக்க வேண்டும். அந்தத் தட்டை வடிவத்தைப் பார்த்துத்தான் தோல் வெட்டுவார்கள். வெட்டிய தோல் மறுபடி கட்டைமேல் ஏறும்போது ஒரு சுருக்கம்கூட இல்லாமல் உட்கார வேண்டும். உட்கார்ந்துவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு ருசிக்கும்.

கப்பல் எனக்கு வந்தது தற்செயலாகத்தான். கம்பெனிக்கு மாதக்கணக்கில் வந்து தங்கும் வெளிநாட்டு டெக்னீஷியன் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது, தங்கிய அறையில் பாதி செய்த மரக் கப்பல் ஒன்றை விட்டுப் போய்விட்டார். அறையை ஒழித்தவர்கள் குப்பையில் போட இருந்தார்கள். நான் கேட்டு வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். விளக்கப் புத்தகம் அவர் பாஷையில் இருந்தது. படங்களை மட்டும் பார்த்துச் செய்தேன். கப்பலின் வயிற்று வளைவில் மெல்லிய பலகைச் சீவல்களை ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டு வரும்போது, இது எனக்குத் தெரிந்த வேலைதானே என்று தோன்றியது. கால் இருந்த இடத்தில் கப்பல், அவ்வளவுதான்.

கம்பெனியில் பேட்டர்ன் வேலையைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி ஆட்களைக் குறைத்தபோது நானும் வெளியே வந்தேன். என் வீட்டுக்காரர் லேத் பட்டறை வைத்திருந்தவர். "நீ வரைஞ்சு குடு, நான் அறுத்துத் தர்றேன்" என்றார். ஆலங்காயத்தில் ஒரு மரவாடியிலிருந்து குமிழ் மரம் வாங்கினோம். லேசான மரம், நரம்பு கம்மி, வளைத்தால் முறியாது. பாய்மரத்துக்குக் கட்டும் கயிற்றுக்கு ஷூ தைக்கும் மெழுகு நூலையே எடுத்துக்கொண்டோம். சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் பெண் இணையத்தில் படங்களைப் போட்டு ஆர்டர் வாங்கித் தந்தாள். மாடியில் ஒரே அறை, அதை ஒட்டி மொட்டைமாடி. அதுதான் எங்கள் கப்பல் கம்பெனி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் படியேறி வந்தார். அறுபது வயது இருக்கும். வெள்ளை ஜிப்பா, தலையில் தொப்பி, கையில் துணிப்பை. மேல்விஷாரத்திலிருந்து பஸ்ஸில் வந்ததாகச் சொன்னார். தோல் பதனிடும் டேனரியில் நாற்பது வருடம் மெஷின் ஓட்டி ஓய்ந்தவர். ஆம்பூரில் யாரோ மரத்தில் கப்பல் செய்கிறார்கள் என்று உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் கேள்விப்பட்டிருக்கிறார்.

பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட போட்டோ ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். பம்பாய்த் துறைமுகம். கறுப்பு புர்காவில் ஓர் அம்மா, முகம் மட்டும் தெரிகிறது. பக்கத்தில் தகர டிரங்குப் பெட்டியைப் பிடித்தபடி ஒல்லியான இளைஞன். இருவருக்கும் பின்னால் ஒரு கப்பலின் பக்கச் சுவர், அதில் இரண்டு வரிசை வட்ட ஜன்னல்கள். கப்பலின் தலையும் இல்லை, வாலும் இல்லை.

"இது நான். இவங்க எங்கம்மா. ஹஜ்ஜுக்குப் போனப்ப எடுத்தது. அப்பல்லாம் கப்பல்லயும் போவாங்க. பம்பாய்லேர்ந்து ஜித்தாவுக்கு" என்றார். பிறகு, "இந்தக் கப்பல் வேணும்மா" என்றார்.

என் வீட்டுக்காரர் போட்டோவை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "பாய், நாங்க செய்றதுக்கெல்லாம் பிளான் இருக்குது. இது இரும்புக் கப்பல். இந்த ஒரு சொவர வெச்சுக்கினு இன்னா பண்றது?"

"பிளான் நான் சொல்றேன். போறதுக்கு எட்டு நாள் அதுல இருந்தேன். கடல் நடுவுல வேற இன்னா வேலை? நடந்துக்கினே இருந்தேன். கண்ண மூடினாலும் நடப்பேன்."

நாங்கள் செய்து தர வேண்டுமா, அவரே செய்கிறாரா என்று கேட்டேன். சற்று நேரம் தன் கைகளைப் பார்த்தார். பெரிய கைகள். மெஷினில் தோலைத் தள்ளித் தள்ளிக் கட்டைவிரல் பக்கம் காய்த்துப்போயிருந்தது.

"நானே செய்யணும். நீங்க சொல்லிக் குடுங்க" என்றார்.

எங்கள் பெண் அந்தக் காலத்து யாத்திரைக் கப்பல்களின் படங்கள் சிலவற்றைத் தேடி அனுப்பினாள். வெளி உருவத்தை அதிலிருந்து ஓரளவு பிடித்துவிடலாம். வட்ட ஜன்னல்களின் இடைவெளியை போட்டோவில் அளந்து நீளத்தையும் ஊகித்தேன். ஆனால் மேலே தளங்கள் எப்படி, படிக்கட்டு எங்கே, புகைபோக்கிக்கும் படகுகளுக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்பதெல்லாம் அவரிடம்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு அவரை மொட்டைமாடிக்கு அழைத்துப் போய், "நடங்க பாய்" என்றேன்.

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். தண்ணீர்த் தொட்டியின் பக்கம் போய் நின்று, "இதுதான் நாங்க மேல வர்ற படிக்கட்டு" என்றார். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். நான் பின்னாலேயே குனிந்து சாக்பீஸால் ஒவ்வொரு அடிக்கும் கோடு போட்டேன். பன்னிரண்டு அடி போய் இடப்பக்கம் திரும்பினார். "இங்க தண்ணிக் கொழாய்." இன்னும் ஆறு அடி. "இங்க மரப் பெஞ்சு, நீளமா." கைப்பிடிச் சுவர் குறுக்கே வந்ததும் நின்றார். "இன்னும் பதினெட்டு அடி இருக்குதும்மா. மாடி பத்தல." அவரைத் தொட்டிப் பக்கம் திரும்ப அழைத்து வந்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி நடக்க விட்டேன். கப்பல் எங்கள் மாடியில் நான்கு துண்டுகளாக, ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது. குழம்பாமலிருக்க ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நிறச் சாக்பீஸ்.

அடிகளை அங்குலமாக்க, பத்து அடி நடக்கச் சொல்லி அளந்து பத்தால் வகுத்தேன். என் வீட்டுக்காரர் சந்தேகப்பட்டார். "இருவது வயசுல வேகமா நடந்திருப்பீங்க பாய். அடி பெரிசா விழுந்திருக்கும்."

"அம்மா கைய புடிச்சிக்கினு நடந்தேன். இப்ப மாதிரிதான், மெதுவா" என்றார்.

அந்தக் கணக்கை வைத்து நான் வரைந்ததையும், எங்கள் பெண் அனுப்பிய படங்களையும் ஒப்பிட்டால் பெரிய வித்தியாசமில்லை. நாற்பது வருடத்துக்கு முன் நடந்த நடை அவர் காலிலேயே இருந்திருக்கிறது.

பிறகு வந்த ஞாயிறுகளை நினைத்தால் இப்போதும் மனசுக்கு இதமாக இருக்கிறது. ஒன்பது மணி வாக்கில் படியில் செருப்புச் சத்தம் கேட்கும். ஏதாவது ஒரு டப்பா கொண்டுவருவார், மக்கன் பேடாவோ அவர் வீட்டுப் பெண்கள் சுட்ட ரொட்டியோ. மூன்று பேரும் மேசையைச் சுற்றி உட்காருவோம். கப்பலின் முதுகெலும்புப் பலகையில் விலாச் சட்டங்களைச் சொருகும் வேலைக்கு மூன்று ஞாயிறு ஆயிற்று. சீவல்களைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து வளைப்பதை நான் காட்டினேன். முதல் நாள் நான்கை முறித்தார். இரண்டாம் நாள் ஒன்று. அதற்கப்புறம் முறியவில்லை. டேனரியில் தோலின் ஈரத்தை விரலால் தொட்டே சொல்கிறவர். மரத்தின் ஈரமும் அவருக்கு வசப்பட்டுவிட்டது.

வேலைக்கு நடுவில் கப்பல் கதை வரும். வாணியம்பாடிக்காரர் ஒருவர் முதல் மூன்று நாளும் வாந்தி எடுத்துவிட்டு, திரும்பும்போது நடந்தே ஊருக்குப் போய்விடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். கீழ்த்தளத்தில் இரும்புக் கட்டில்கள் மூன்று அடுக்காக இருக்குமாம். பாயின் அம்மா ஊறுகாய் ஜாடியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, தலை சுற்றுகிறது என்று யார் வந்தாலும் ஒரு துண்டு எலுமிச்சை கொடுப்பாராம். மலபார்ப் பெண்கள் இரண்டு பேர் அம்மாவுக்குச் சிநேகமாகிவிட்டார்கள். அம்மா பேசுவது அவர்களுக்குப் பாதிதான் புரியும், அவர்கள் பேசுவது அம்மாவுக்குப் பாதிதான் புரியும். ஆனாலும் மூன்று பேரும் மணிக்கணக்காகப் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்களாம்.

"ஊர்ல எங்கம்மா அப்டி சிரிச்சு நான் பாத்ததில்லமா" என்றார் ஒருநாள்.

எல்லாம் போகும்போது நடந்த கதைகள். திரும்பி வந்த பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் அவர் சொல்லவில்லை என்பது எனக்கு வெகுநாள் உறைக்கவேயில்லை. இன்னொன்றும் இருந்தது. மாடியில் கப்பல் முழுக்க நடந்தவர், பின்பக்கத்துக்கு மட்டும் போகவில்லை. "பின்னாடி இன்னா இருந்துச்சு பாய்?" என்று கேட்டதற்கு, "ஒண்ணும் இல்லமா. அந்தப் பக்கம் ஜாஸ்தி போனதில்ல" என்றார். சரியென்று, மற்றக் கப்பல்களின் படங்களைப் பார்த்துப் பின் தளத்தை நானே வரைந்தேன். சுற்றிலும் ஒரே சீராகக் கம்பித் தடுப்பு.

கம்பித் தடுப்பு வேலை கடைசியில் வருவது. பித்தளைக் கம்பியை நறுக்கிச் சின்னச் சின்ன ஊன்றுகளாக நட்டு, அவற்றின் ஊடே மெல்லிய கம்பியை ஓட்ட வேண்டும். முன்பக்கத்திலிருந்து தொடங்கி இரண்டு ஞாயிறுகளில் பின் தளம்வரை வந்துவிட்டார். அன்றைக்கு இடப்பக்கத்தில் நாலைந்து ஊன்று நட்டவர், இடுக்கியைக் கீழே வைத்தார்.

"இங்க கம்பி வராது" என்றார்.

அறுக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் மெஷினை நிறுத்தினார்.

"இந்த எடத்துல கம்பி இல்லமா. கதவு இருக்குது. ரெண்டு கதவு. உள்பக்கமாத் தொறக்கும்."

"அந்தப் பக்கம் போனதில்லன்னு சொன்னீங்களே பாய்."

"ஒரே வாட்டி போனேன்" என்றார்.

அப்போதுதான் சொன்னார். ஜித்தாவிலிருந்து திரும்பும்போது மூன்றாம் நாள் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. கப்பல் டாக்டர் ஊசி போட்டார். ஐந்தாம் நாள் விடியற்காலையில் அம்மா போய்விட்டார். பம்பாய்க்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அதிகாரி ஒருவர் வந்து இங்கிலீஷில் அச்சடித்த தாள் ஒன்றை நீட்டி, கையெழுத்துப் போடச் சொன்னார். இவர் போட்டார். கடலில் அடக்கம் செய்வதற்கான தாள் அது என்று பிறகுதான் யாரோ சொன்னார்கள். இறந்தால் தன்மேல் போர்த்த வேண்டிய கஃபன் துணியை அம்மா மக்காவில் ஜம்ஜம் கிணற்றுத் தண்ணீரில் நனைத்து, உலர்த்தி, மடித்துப் பெட்டியில் வைத்திருந்தார், ஊருக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம் என்று. அதையே எடுத்துக் கொடுத்தார் இவர்.

"ஊருக்கு வந்தேன். எங்கக்கா வாசல்லயே நின்னுச்சு. எங்கடா அம்மான்னு கேட்டுச்சு. சொன்னேன். மூணு நாள்தானே, ஐஸ்ல வெச்சுக் கொண்டாந்திருக்கலாமே, நீ எதுக்குடா கையெழுத்துப் போட்டன்னு கேட்டுச்சு. இருவது வயசு. போட்டுட்டேன்."

அக்காவும் மேல்விஷாரத்தில்தான், அடுத்த தெரு. கல்யாணம் காட்சி, சாவு என்றால் இரண்டு குடும்பமும் கூடும், பேசும். ஆனால் கப்பல் என்று இவர் வாயெடுத்தால் அக்கா எழுந்து போய்விடுவார். ஜித்தாவிலிருந்து வந்த பேரீச்சம்பழத்தைக்கூட அவர் தொடவில்லை. நாற்பது வருடமாக இப்படி.

"வாயால சொன்னா கேக்காது. கண்ணால பாக்கட்டும்னுதான் வந்தேன். இங்க வந்தப்புறம், செய்றதே புடிச்சுப்போச்சு. இந்த எடத்துக்கு வர்றவரைக்கும் எல்லாம் நல்லாதான் இருந்துச்சு" என்றார்.

என் வீட்டுக்காரர் எழுந்தார். பித்தளைத் தகடு ஒன்றை எடுத்து வைஸில் மாட்டி அராவ ஆரம்பித்தார். குண்டூசியை வெட்டிக் கீல் செய்தார். மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. நாலு மணிக்கு விரல் நகத்தைவிடச் சிறிய இரண்டு கதவுகளைக் கொண்டுவந்து பாயின் உள்ளங்கையில் வைத்தார். உள்பக்கமாகத் திறந்தன. அவர் திறந்து திறந்து பார்த்தார். பிறகு தானே அந்த இடத்தில் ஒட்டினார்.

கறுப்பும் வெள்ளையும் வண்ணம் அடித்து முடிக்க இன்னும் ஒரு மாதம். கப்பல் இரண்டடிக்குச் சற்று மேல் நீளம். அதைக் கொண்டுபோகிற அன்று எங்களையும் கூட வரச் சொன்னார். "நீங்க இருந்தா அக்கா எழுந்து போகாது" என்றார். வாடகை வண்டி பிடித்து, வழி முழுக்க நான் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். வேகத்தடை வரும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் டிரைவரின் தோளைத் தட்டிக்கொண்டே வந்தார்.

அக்காவுக்கு எழுபது தாண்டியிருந்தது. தடித்த கண்ணாடி, வெள்ளைத் துப்பட்டா, கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கப்பலை எதிரே மேசைமேல் வைத்தோம். அதை ஒருமுறை பார்த்தார், தம்பியைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டு எங்களுக்குத் தேநீர் கொண்டுவரச் சொல்லி மருமகளைக் கூப்பிட்டார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று என்னை விசாரித்தார். பாய் கதவோரமாக நின்றுகொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "இதுல அம்மா எங்க படுத்தாங்க?"

எனக்குத் தெரியும். ஆனாலும் பாயைப் பார்த்தேன்.

"கீழ, அந்த ரெண்டாவது வரிசை ஜன்னலு, முன்னாடிலேர்ந்து ஏழாவது" என்றார் அவர். "அது பக்கத்துல அம்மா. மேல்கட்டில்ல நான்."

அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முன்னால் குனிந்தார். மறுபடி என்னிடமே கேட்டார். "சாப்பாடு?"

"மேல கொண்டாந்து தருவாங்க. பருப்பும் சோறும்" என்று பாய்தான் சொன்னார்.

"அம்மாக்கு முட்டி வலியாச்சே. இந்தப் படி எப்டி ஏறினாங்க?" இந்தக் கேள்வி என்னைப் பார்த்து வரவில்லை.

"நான் தூக்கினு போவேன்."

"தெனமுமா?"

"தெனமும், காலைல ஒரு வாட்டி, சாயங்காலம் அசர் தொழுகைக்கப்புறம் ஒரு வாட்டி. கீழ புழுங்குதுடான்னுவாங்க. மேல வந்து ஒக்காந்தா உன்னப் பத்திதான் பேச்சு."

"இன்னா பேச்சு?"

"உனக்கு ஒரு துப்பட்டா வாங்கினாங்க, பச்ச கலர்ல. வாங்கிட்டு வந்தப்புறம், ஐயோ அவளுக்கு நீலம்தானே புடிக்கும், மறந்துட்டேனேன்னு. ரெண்டு நாள் அதையே சொல்லினு இருந்தாங்க."

அக்கா கப்பலைப் பார்த்தபடியே, "நீ குடுத்த. நான்தான் வாங்கல" என்றார்.

"எங்கிட்டதான் இருக்குது."

அக்கா கட்டிலிலிருந்து கஷ்டப்பட்டு இறங்கி மேசையருகே வந்து நின்றார். ஒரு விரலைக் கப்பலின் ஓரத்தில் வைத்து, முன்பக்கத்திலிருந்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். படகு, புகைபோக்கி, பெஞ்சு, படிக்கட்டு. பின் தளத்தில் அந்தச் சின்னக் கதவு விரலில் தட்டுப்பட்டதும் நிறுத்தினார். யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"இங்கயா?"

"ம்."

"நீ ஒத்தையா நின்னியாடா?"

"ஒத்தையா இல்லக்கா" என்றார் பாய். "கப்பல்ல இருந்த எல்லாரும் வந்தாங்க. எடம் பத்தாம மேல் தட்டுல, படிக்கட்டுலல்லாம் நின்னாங்க. அத்தினி ஹாஜிங்களும் சேந்துதான் அம்மாக்கு ஜனாஸா தொழுகை தொழுதோம். மக்காவுக்குப் போயிட்டு வந்த ஜனம் எல்லாம். கப்பல மெதுவா ஆக்கிட்டாங்க. கேப்டன் தொப்பியக் கழட்டிட்டு நின்னாரு. அந்த மலபார்க்காரம்மாங்க ரெண்டு பேரும் என்னப் புடிச்சிக்கினாங்க."

"எனக்கு யாரும் சொல்லலியே."

"நீ கேக்கலியேக்கா."

அக்கா விரல் நுனியால் அந்தக் கதவுகளை ஒவ்வொன்றாக மூடினார்.

"ஆமா. கேக்கல" என்றார்.

பிறகு தம்பியைக் கட்டிலில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார். காய்ச்சல் எத்தனை நாள், கடைசியாக என்ன குடித்தார்கள், வாயில் யார் தண்ணீர் விட்டது, காதில் கலிமா சொன்னது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர் சொல்லச் சொல்ல, "சரி, சரி" என்று தலையாட்டினார். அழுகை சத்தமில்லாமல் வந்தது, இருவருக்கும். நாங்கள் இருவரும் எழுந்து வெளி அறைக்கு வந்துவிட்டோம். மருமகள் எங்களுக்கு இலை போட்டுச் சோறு பரிமாறினார். உள்ளே பேச்சு மதியத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை ஓயவில்லை.

கிளம்பும்போது கப்பலை எடுக்க நான் போனேன். அக்கா தடுத்தார். "இது இங்கயே இருக்கட்டும்மா" என்றார்.

பாய் என்னைப் பார்த்தார். ஒன்பது மாத வேலை. "இருக்கட்டும்" என்றார்.

அடுத்த ஞாயிறு ஒன்பது மணிக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. "இன்னொண்ணு ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

அந்த வருடம்தான் அந்தக் கப்பல் எங்கள் நாலாவது பெட்டியானது. விளக்கப் புத்தகத்தில் பின் தளத்துப் பக்கத்துக்கு என்ன எழுதுவது என்று பாயையே கேட்டேன். "கதவுன்னு மட்டும் எழுதுங்க, போதும்" என்றார். அப்படியே எழுதினேன்: பின் தளம், இடப்பக்கம், சிறு கதவு இரண்டு, உள்பக்கமாகத் திறந்து மூடும்படி ஒட்டவும். முதல் இருபது பெட்டிகள் மேல்விஷாரத்திலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலுமாகவே தீர்ந்துவிட்டன. பாதிப் பேருக்கு மரவேலையே தெரியாது. வீட்டில் மூத்தவர்கள் யாராவது அந்தக் கப்பலில் போயிருப்பார்கள், அதற்காக வாங்கினார்கள். ஒட்டத் தெரியாமல் திருப்பிக் கொண்டுவந்தவர்களுக்கு ஞாயிறுகளில் மொட்டைமாடியில் பந்தல் போட்டு, பாயே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். அங்கே ஒரே சண்டையாக இருக்கும். படகுகள் ஆறு என்பார் ஒருவர், எட்டு என்பார் இன்னொருவர். "நான் அதுக்குக் கீழதான்யா எட்டு நாள் ஒக்காந்தேன்" என்பார் மூன்றாமவர். கதவைப் பற்றி மட்டும் அங்கே யாரும் கேட்டதில்லை. கப்பல் பழக்கம் இல்லாத ஊர்களிலிருந்து வாங்குகிறவர்கள்தான் அது எதற்கு என்று எழுதிக் கேட்பார்கள். சிலருக்கு ஒரு வரியில் பதில் போடுவேன். சிலருக்கு, அவர்கள் கேட்கும் விதத்தைப் பார்த்து, ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன்.

இரண்டு வருடம் அப்படி ஓடியது. பிறகு பாயின் மகன் பெங்களூரில் வீடு வாங்கி, அப்பாவையும் அம்மாவையும் அழைத்துப் போய்விட்டார். பந்தலைப் பிரித்தோம். இப்போது எங்களிடம் ஏழு கப்பல்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் வேலை செய்வதில்லை. கடைக்குப் போகிறோம், சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறோம். ஆனாலும் ஒன்பது மணி ஆனால் மனசு அந்த அறைக்குப் போய்விடும். ஊறவைத்த மரத்தின் வாசனையும், முறிந்த சீவலைப் பார்த்து அவர் "அட பேஜார்" என்று சொல்வதும் ஞாபகம் வரும்.

போன மாதம் அக்கா வீட்டிலிருந்து போன் வந்தது. பேரப்பிள்ளைகள் பந்து விளையாடிப் புகைபோக்கியைச் சாய்த்துவிட்டார்களாம். பசையும் இடுக்கியும் எடுத்துக்கொண்டு நான் மட்டும் போனேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் கப்பலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அக்கா தலையில் பச்சை நிறத் துப்பட்டா, மடித்து மடித்துக் கோடு விழுந்த பழைய துணி. விரலால் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் காட்டி அவர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஏதோ தானே அந்தக் கப்பலில் போய்வந்தவர் மாதிரி சொன்னார். இங்கே உட்கார்ந்தால் காற்று அள்ளும், இந்தப் பக்கம் சாயங்கால வெயில் படும், ஜித்தா நெருங்க நெருங்கக் கப்பல் கூடவே டால்பின்கள் குதித்துக் குதித்து வரும் என்றார். பெண்கள் வாய் பிளந்து கேட்டார்கள்.

புகைபோக்கியை ஒட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டில் நின்றபடி பாய்க்குப் போன் போட்டு அதைச் சொன்னேன்.

"டால்பினா?" என்றார். "நான் ஒண்ணக்கூடப் பாக்கலியேமா." கொஞ்ச நேரம் சிரித்தார். "பாத்தா பாத்துட்டுப் போகட்டும், விடுங்க. நீங்க ஒண்ணும் சொல்லிக்காதீங்க."